எச்சில் சோதனையும் பால் பல்லும் – கடிதம்

வணக்கம்.

என் மகனுக்கு நாலு வயது. மேல் முன்பற்கள் இரண்டில் சொத்தை. எச்சிலில் அழற்சியின் அளவைச் சோதித்தால் மேலும் சொத்தை வருமா என்று முன்பே தெரிந்துவிடும் என்று படித்தேன். செய்து பார்க்கலாமா? விழப்போகிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்கிறார் மாமியார்.

– வி.

அன்புள்ள வி.,

நீங்கள் படித்தது புரளி அல்ல. சொத்தை அதிகமுள்ள குழந்தைகளின் எச்சிலில் இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் ஆல்பா போன்ற அழற்சிப் புரதங்கள் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஈறு வீங்கினாலும் அவை ஏறும். எண் கூடி வந்தால், எதனால் கூடியது என்று எச்சில் சொல்லாது. ஆய்வாளர்களுக்கு அது பயன்படும். நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த சொத்தை வருமா என்பதற்கு, ஏற்கெனவே வந்த சொத்தையைவிட நல்ல அறிகுறி கிடையாது. அதுதான் உங்கள் பையன் வாயிலேயே இருக்கிறதே!

எச்சிலின் அளவைக் கவனியுங்கள், அதுதான் முக்கியம். இனிப்பு பட்டதும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. பிஎச் (அமிலத்தை அளக்கும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்குக் கீழே போனால் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொரு பிஸ்கட் என்றால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. தூக்கத்தில் எச்சில் சுரப்பதே அரிது. பால் புட்டியோடு தூங்கும் குழந்தைக்குக் கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காக்கும், அங்கே எச்சிலும் தேங்கும். மேல் பற்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உங்கள் மகனுக்கும் புட்டிப் பழக்கம் இருந்ததா?

மேலுதட்டைத் தூக்கி ஈறோரம் பாருங்கள். சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். குழி விழாதவரை ஃப்ளோரைடால் தேற்றலாம். இரவு படுக்குமுன் ஃப்ளோரைடு பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள். அவனிடம் விட்டால் பேஸ்ட்டைத் தின்றுவிடுவான். அப்புறம் தண்ணீர் மட்டும்தான்.

மாமியார் சொல்வது முன்பற்களுக்கு ஓரளவு சரி, அவை ஆறேழு வயதில் விழுந்துவிடும். ஆனாலும் அதுவரை சீழ் பிடிக்க விடக்கூடாது. பால் கடைவாய்ப் பற்களோ 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. முன்னாடியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும். ஆகவே சோதனைக்கு வைத்த பணத்தில் பல் டாக்டரிடம் காட்டி, கடைவாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.