புகைபோக்கி எந்த மாகாணக் கணக்கில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீன மாகாணங்களை ஆற்றல் திறன்படி வரிசைப்படுத்திய ஓர் அட்டவணை பார்த்தேன். பெய்ஜிங் உச்சியில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஹெபெய் வெகு கீழே. ஒரே அரசு, ஒரே கொள்கை. ஹெபெய்காரர்கள் அவ்வளவு வீணடிக்கிறார்களா?

ர.

அன்புள்ள ர.,

இல்லை. இத்தகைய அட்டவணைகள் பெரும்பாலும் மொத்த ஆற்றல் நுகர்வை மாகாணத்தின் உற்பத்தி மதிப்பால் வகுப்பவை. ஒரு மாகாணம் எவ்வளவு சிக்கனமானது என்பதைவிட, அங்கே என்ன தொழில் நடக்கிறது என்பதையே அந்த எண் அதிகம் சொல்லும்.

ஷௌகாங் உருக்காலையைப் பாருங்கள். 1919இல் பெய்ஜிங்கின் மேற்கே ஷிஜிங்ஷானில் தொடங்கியது. நகரத்துக் காற்றைச் சுத்தமாக்க, ஒலிம்பிக்ஸை ஒட்டி அதை இடம்பெயர்க்க முடிவு செய்தார்கள். 2010 கடைசியில் அங்கே உருக்கு உற்பத்தி நின்றது. புதிய ஊதுலைகள் எழுந்தது ஹெபெய் கடற்கரையில், தாங்ஷானின் சாஃபெய்தியானில். தலைமையகம் பெய்ஜிங்கிலேயே இருக்கிறது. புது ஆலை நவீனமானதுதான், ஆனால் பெய்ஜிங்கின் எண் இறங்கியது அதனால் அல்ல, உலை எல்லை தாண்டியதால். தினமும் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டில் கேஸ் செலவே இல்லை என்பது போன்ற கணக்கு இது.

ஆய்வாளர்களுக்கு இது தெரியும். சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978இல் தந்த முறையில் உழைப்பு, மூலதனம், ஆற்றல் எல்லாவற்றையும் சேர்த்து உள்ளீடாக வைத்து, சிறப்பாகச் செயல்படுபவர்களிடமிருந்து மற்றவர்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று அளக்கலாம். கரியமில வாயுவை வேண்டாத விளைபொருளாகச் சேர்ப்பதும் உண்டு. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் வங்கிகள் நிறைந்த நகரையும் உருக்கு மாகாணத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் பழைய கோளாறு திரும்ப வந்துவிடும். ஒரு டன் உருக்குக்கு எவ்வளவு ஆற்றல் என்று கேட்பதுதான் நியாயம். அதிலும் தாதுவிலிருந்து வார்ப்பதையும் பழைய இரும்பை உருக்குவதையும் பிரிக்க வேண்டும்.

என்னைக் கோபப்படுத்துவது வேறு. இந்த எண்ணை அதிகாரிகளுக்கு இலக்காகக் கொடுத்துவிடுகிறார்கள். 2006 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுத் திட்டத்தில் உற்பத்தி மதிப்பின் ஒவ்வொரு யுவானுக்குமான ஆற்றலை 20 சதவீதம் குறைக்கச் சொல்லி மாகாணங்களுக்குப் பங்கு பிரித்தார்கள். கெடு நெருங்கியதும் ஹெபெயின் ஆன்பிங் வட்டத்தில் வீடுகளுக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். வேறு இடங்களில் மின்வெட்டுக்கு ஆளான ஆலைகள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டின. புகை கூடியது. நாட்டுக் கணக்கில் 19.1 சதவீதக் குறைப்பு பதிவானது.

உங்கள் அட்டவணையில் கார்பன் கணக்கும் இருந்தால் அடிக்குறிப்பைப் பாருங்கள். பெய்ஜிங் எரிக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி உள்மங்கோலியா, ஷான்சி நிலக்கரியில் பிறப்பது. அந்தப் புகையை எந்த மாகாணத்தின் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும்.