கூட்டணுமா, கழிக்கணுமா என்று கேட்கும் குழந்தைக்கு

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எண்களாக எழுதிக் கொடுத்தால் கூட்டல், கழித்தல் எல்லாம் கடகடவென்று போடுகிறாள். அதையே வாக்கியக் கணக்காகக் கொடுத்தால், படித்து முடிப்பதற்குள் “அம்மா, கூட்டணுமா, கழிக்கணுமா?” என்கிறாள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். டியூஷன் வைக்கலாமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இப்போதைக்கு டியூஷன் வேண்டாம். கணக்குப் போடுவதில் அவளுக்குக் குறை இல்லை. கணக்கில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே எண்களைப் பிடித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

உலகம் முழுக்கக் குழந்தைகள் இப்படித்தான் செய்கிறார்கள். பிரான்சில் கிரெனோபிள் நகரத்துக் கணித ஆய்வாளர்கள் 1980 வாக்கில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறி ஆடுகள், 10 வெள்ளாடுகள் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் கொடுத்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள்!

ஆங்கிலக் கணக்கில் ‘மோர்’ (more, அதிகம்) வந்தால் கூட்டு, ‘லெஃப்ட்’ (left, மீதி) வந்தால் கழி என்று சொல்லிக்கொடுப்பது இந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கிவிடும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். முதல் வகுப்பில் அது ஓடும். அப்புறம் இப்படி ஒன்று வரும்: “ரவியிடம் 12 கோலி இருக்கிறது. அது மீனாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மீனாவிடம் எத்தனை?” ‘அதிகம்’ என்று பார்த்ததும் குழந்தை 17 என்று எழுதும். சரியான விடை 7.

ஒப்பிடும் கணக்குகள்தான் இந்த வயதில் மிகவும் கடினம். கேட்கும் விதத்தை மாற்றினால் அதே கணக்கு எளிதாகிவிடும். 5 குருவி, 3 புழு. “குருவிகள் புழுக்களைவிட எத்தனை அதிகம்?” என்றால் திணறும் குழந்தை, “ஆளுக்கு ஒரு புழு எடுத்துக்கொண்டால் எத்தனை குருவிக்குக் கிடைக்காது?” என்றால் சட்டென்று 2 என்கிறது.

ஆகவே வீட்டில் முதலில் எண்ணே இல்லாமல் தமிழில் கதையைச் சொல்லுங்கள். “கொஞ்சம் வாழைப்பழம் வாங்கினேன். வழியில் அத்தைக்குச் சிலதைக் கொடுத்தேன். இப்போ பையில் கூடியிருக்குமா, குறைஞ்சிருக்குமா?” அவள் பதில் சொன்ன பிறகு எண்களைப் போடுங்கள். அடுத்த நாள் கதையைத் திருப்புங்கள்: “பையில் கொஞ்சம் சப்போட்டா இருந்தது. பாட்டி 4 போட்டார். இப்போ 11 இருக்கு. முதலில் எத்தனை?” பழம் சேர்ந்திருக்கிறது, ஆனாலும் கழிக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள். பழத்தையோ புளியங்கொட்டையையோ எடுத்து வைத்து அவளே கண்டுபிடிக்கட்டும்.

ரவி–மீனா கணக்குக்குப் படம் போதும். ரவிக்கு ஒரு நீளப் பட்டை, அதன் கீழே மீனாவுக்குக் குட்டையான பட்டை, மிஞ்சி நிற்கும் பகுதியில் 5. சிங்கப்பூர் பள்ளிகளில் 1980களிலிருந்து இந்தப் பட்டைப் படம் பழக்கத்தில் இருக்கிறது. யாருடைய பட்டை நீளம் என்று அவளைத்தான் முடிவு செய்யச் சொல்ல வேண்டும். நீங்கள் வரைந்து கொடுத்தால் பாதி வேலை போய்விடும்.

அவளையும் கணக்கு உண்டாக்கச் சொல்லுங்கள். 9 − 4 என்று எழுதிக் கொடுத்துக் கதை கேளுங்கள். மெட்ரோவில் போகும்போது, “அல்சூரில் ஏறி கப்பன் பார்க்கில் இறங்கினால் நடுவில் எத்தனை ஸ்டேஷன்?” என்று நீங்கள் கேட்டால் (டிரினிட்டி, எம்.ஜி. ரோடு, இரண்டுதான்), திரும்பி வரும்போது அவள் ஒன்று கேட்கட்டும்.

தமிழில் இவை பழகிய பிறகு பள்ளிப் புத்தகத்துக்கு வாருங்கள். ஆங்கிலக் கணக்கைப் படித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் கேட்டால் போட்டுவிடுகிறாள், ஆங்கிலத்தில் படித்தால் மட்டும் நிற்கிறாள் என்றால் அது வாசிப்புச் சிக்கல். அதை வகுப்பு ஆசிரியரிடம் அப்படியே சொல்லி, கணக்கை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள்.