வட ஐஸ்லாந்தின் எரிமலைப் பகுதியைத் தனி வழிகாட்டியோடு காரில் சுற்ற ஒரு நாள் போதுமா? முன்பதிவின்போது என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

வட ஐஸ்லாந்தின் முக்கிய நகரமான ஆக்குரெய்ரியில் தங்கினால் ஒரு நாள் போதும். ஆனால் மிவாட்ன் ஏரிக்கும் க்ராப்லா எரிமலைக்கும் மட்டும். கூடவே டெட்டிஃபோஸ் அருவி, ஆஸ்பிர்கி பள்ளத்தாக்கு, ஹூசாவிக் துறைமுக ஊர் என்று டைமண்ட் சர்க்கிள் சுற்றுலாப் பாதை முழுவதையும் (சுமார் 250 கி.மீ.) ஒரே நாளில் காட்டுகிறேன் என்பவரிடம், எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பாதி நாள் கார் ஜன்னலிலேயே கழியும்.

தனி வண்டிக்குக் கொடுக்கும் காசுக்குப் பலனே வரிசையை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்பதுதான். சுற்றுலாக் கப்பல் வந்த நாளில் பேருந்துகள் பெரும்பாலும் முதலில் கோதாஃபோஸ் அருவியில் நிற்கும். அதைத் தாண்டி நேராகக் க்ராப்லா போய்விடுங்கள். அந்த 12 மீட்டர் அருவியைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், ஜூனில் இரவிலும் வெளிச்சம் இருக்கும்.

க்ராப்லாவில் பலர் வீட்டி பள்ளத்தைப் (1724-இல் வெடித்தது, சுமார் 300 மீட்டர் அகலம்) படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என் கணக்கில் அதைவிட லெயிர்ஹ்ன்யூக்குர்தான் முக்கியம். 1975-84 காலத்தில் ஒன்பது முறை எரிமலைக் குழம்பு கக்கிய பிளவுகள் அந்தப் பக்கம்தான். கறுத்து உறைந்த பாறை இடுக்குகளில் இன்றும் ஆவி வருகிறது. ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஹ்வெரிர் என்ற வெந்நீர்ச் சேற்றுக் குழிகள் உள்ள இடத்தில் கயிற்றைத் தாண்டக் கூடாது. வெளுத்த மண்ணின் மேலோடு அப்பளம் மாதிரி. கீழே கொதிக்கும் சேறு, கால் இறங்கினால் வெந்துவிடும். காற்று வரும் பக்கமாக நில்லுங்கள், இல்லாவிட்டால் கந்தக ஆவி முகத்தில் அடிக்கும். வெள்ளிக் கொலுசு, மோதிரம் கறுத்துப்போகும், கழற்றி வைத்துவிடலாம். சேறு ஷூவில் அப்பிக்கொள்ளும் என்பதால் மாற்றுச் செருப்பு இருந்தால் நல்லது. க்ரியோட்டாக்யாவ் குகைக்குள் வெந்நீர் உண்டு, குளிக்கத்தான் தடை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏரிக்கரையில் கொசுப்பூச்சி மொய்க்கும். பெரும்பாலானவை கடிக்காது, ஆனால் மூக்கு, காது, வாய் எதையும் விடாது. தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பதிவின்போது கேட்க வேண்டியவை: ஐஸ்லாந்து சுற்றுலா வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, வாட்லாஹெய்டி சுரங்கப்பாதைக் கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் விலைக்குள் அடக்கமா (சுரங்கத்தில் சாவடி கிடையாது, இணையத்தில் கட்டுவது), சாலை மூடினால் பணம் திரும்புமா, வேறு வழியில் கூட்டிப்போவார்களா. குளிர்காலத்தில் இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. டெட்டிஃபோஸ் போகும் 862-ஆம் சாலை தார்ச்சாலைதான் என்றாலும் பனியில் மூடிவிடும். டிசம்பரில் பகல் வெளிச்சமே மூன்று மணி நேரம்தான். வண்டி நான்கு சக்கர இயக்கமா, ஆணி டயர் போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

உள்நாட்டு மேட்டுநிலத்தில் இருக்கும் ஆஸ்க்யா எரிமலை வேண்டுமென்றால் அதற்கே தனியாக ஒரு நாள். அங்கே போகும் எஃப் சாலைகள் (கரடுமுரடான மலைச் சாலைகள்) வழக்கமாக ஜூன் கடைசியில்தான் திறக்கும். ஆற்றுக்குள் இறங்கிக் கடக்க வேண்டும், சாதாரண எஸ்யூவி போதாது. 2021 ஆகஸ்ட் முதல் அங்கே நிலம் மேலெழுந்து வருவதால், கிளம்பும் முன் எச்சரிக்கை நிலவரத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம்: காரை நிறுத்தியதும் கதவைச் சட்டென்று திறக்காதீர்கள். காற்று பிடுங்கிக்கொண்டு போய்க் கீலை வளைத்துவிடும். கைப்பிடியை ஒரு கையாலும் விளிம்பை மறு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும்.