துபாய்க்குப் புதுசா வந்த களக்காட்டுத் தம்பிக்கு

தம்பி, மூணு விஷயம் கேட்டிருக்கீங்க. பாஸ்போர்ட்டக் கம்பெனி வாங்கி வச்சிருக்கு, எம்பசில (இந்தியத் தூதரகத்துல) சொன்னா வாங்கித் தருவாங்களா; ஊர்ல கெடக்க மனைய விக்க அண்ணன் பேருக்கு இங்க இருந்தே பவர் (நமக்குப் பதிலா விக்க அதிகாரம் குடுக்குத பத்திரம்) எழுதலாமா; கருப்பட்டி யாவாரத்துக்கு எம்பசி உதவுமா.

யாவாரத்த ரெண்டு வரில முடிச்சிருதேன். வணிகப் பிரிவுன்னு ஒண்ணு உண்டு, இங்க வாங்குத ஆட்களோட விவரம் குடுப்பாங்க. 2022 மே 1-லருந்து ரெண்டு நாட்டுக்கும் வரிச்சலுகை ஒப்பந்தம் இருக்கு, ஆனா அதுக்கான ‘எந்த நாட்டுச் சரக்கு’ங்கிற சான்றிதழும் ஏற்றுமதி லைசென்சும் இந்தியாவுலதான் எடுக்கணும். அது பொறவு பாத்துக்கிடலாம்.

பாஸ்போர்ட்டுக்கு வாரேன். எம்பசி இருக்கது அபுதாபில. துபாய், சார்ஜா, அஜ்மான், ராசல்கைமா பக்கம் இருக்கவங்களுக்கு பர்துபாய்ல இருக்க கான்சுலேட்டுதான் (துணைத் தூதரகம்). ஒங்க பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்துச் சொத்து, 1967 பாஸ்போர்ட் சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. இந்த ஊருச் சட்டமும் (2021-ல வந்த 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம்) தொழிலாளி காயிதத்த முதலாளி பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு சொல்லுது. மொதல்ல கம்பெனிக்கு ஈமெயில்ல கேளுங்க, வாயால கேக்காதீங்க. தரலைன்னா தொழிலாளர் அமைச்சகத்துல புகார் குடுங்க, நம்பர் 600590000. அந்தப் புகார் நகலும் ஈமெயிலும் கையில இருந்தா கான்சுலேட்ல உதவி கேக்க லேசா இருக்கும். 800 46342-ன்னு இந்தியர் உதவி மையம் இருக்கு. வக்கீல் ஆலோசனைக்குக் காசு கெடையாது.

இதுல ஒண்ண நெஞ்சுல எழுதி வச்சுக்கிடுங்க. ரூம்ல யாராவது “தொலஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடு, புதுசு வாங்கிரலாம்”னு சொல்லுவாங்க. செய்யவே செய்யாதீங்க. தொலஞ்சதா எழுதிக் குடுத்து கான்சுலேட்ல அது ரத்தாயிட்டா அந்தப் பாஸ்போர்ட் செத்துப்போன காயிதம். கம்பெனி அத எடுத்து மேசைல வச்சா பொய்ப்புகார்னு ஒங்க மேலதான் வரும். பாஸ்போர்ட் இல்லாதவங்களுக்குக் கான்சுலேட்ல அவசரச் சான்றிதழ்னு வெள்ளைத் தாள் ஒண்ணு குடுப்பாங்க, அது இந்தியாவுக்கு ஒரு வழிப் போக்குக்கு மட்டும். அது இருந்தாலும் விசா கேன்சலாகி, கூடுதலா தங்கின நாளுக்கு 50 திர்ஹம் வீதம் அபராதமும் தீந்தாதான் ஏர்ப்போர்ட்ல விடுவாங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது: பாஸ்போர்ட் மொதப் பக்கம், கடைசிப் பக்கம், விசா, வேலை ஒப்பந்தம் எல்லாத்தையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்க. வேலைக்கான ஆஃபர் லெட்டர் தமிழ்லயே வாங்கிக்கிடலாம், அமைச்சகம் 11 மொழில வச்சிருக்கு. இங்கிலீஷ்ல கையெழுத்துப் போட்டுட்டு “1,200-ன்னாங்க, 900 தாராங்க”ன்னு அழுதா யாரும் கேக்க மாட்டாங்க.

இனி பவர். இதுலதான் நம்ம ஊர் ஆட்கள் அதிகமாப் பணத்தத் தொலைக்காங்க. இதுக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட் வேணும், அதனாலதான் அதையே மொதல்ல எழுதினேன்.

ஆவணத்த ஊர்ல பத்திரம் எழுதுதவர் கிட்ட எழுதி வாங்குங்க. கிராமம், வட்டம், சார்பதிவாளர் அலுவலகம், சர்வே நம்பர், உட்பிரிவு, பட்டா நம்பர், சதுர மீட்டர், நாலு பக்கத்து எல்லை, எல்லாம் பட்டாவுலயும் பழைய பத்திரத்துலயும் இருக்க மாதிரியே இருக்கணும். உட்பிரிவு ஒரு எழுத்து மாறினாலும் அங்க பதிவு நின்னு போவும். பொதுப் பவர் எழுதாதீங்க. அண்ணனே ஆனாலும், இந்த ஒரு மனைய விக்கிறதுக்கு மட்டும்னு தனிப் பவர் எழுதுங்க. பணம் ஒங்க பேங்க் கணக்குக்குத்தான் வரணும்னு ஒரு வரி சேருங்க.

பேருதான் பெரிய தொல்லை. நம்ம பக்கம் பாஸ்போர்ட்ல எசக்கிமுத்துன்னு இங்கிலீஷ் ‘E’ எழுத்துல ஆரம்பிக்கும், பள்ளிக்கூட சர்டிபிகேட்ல ‘I’ போட்டிருப்பாங்க, பட்டாவுல இசக்கிமுத்துன்னு இருக்கும். பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, பத்திரத்துல இனிஷியல் மட்டும். ரெண்டும் ஒரே ஆளுதான்னு பவருக்குள்ளயே எழுதிச் சேத்துருங்க. அப்புறமா தனி உறுதிமொழிக்கு அலைய வேண்டாம்.

முன்னாடியே கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போவாதீங்க. கான்சுலேட் அதிகாரி முன்னாலதான் போடணும், ஒவ்வொரு பக்கத்துலயும். ரெண்டு சாட்சி, அவங்களும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட நேர்ல வரணும். ஒங்க ரூம்மேட்டோட பாஸ்போர்ட்டும் கம்பெனிலதான் இருக்கும், அதையும் பாத்துக்கிடுங்க. கான்சுலேட் சீல் வைக்கது கையெழுத்து ஒங்களதுங்கிறதுக்கு மட்டும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவங்க பொறுப்பு ஏக்க மாட்டாங்க.

கூரியர்ல ஊருக்குப் போன பொறவு மூணு மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் கிட்ட முத்திரைக் கட்டணம் கட்டணும், இந்திய முத்திரைச் சட்டம் 18-ஆம் பிரிவு. அந்த மூணு மாசம் எண்ணுறது இந்தியாவுக்குக் காயிதம் வந்து சேந்த நாள்லருந்து. எப்ப வந்துச்சுங்கிறதுக்குச் சாட்சி கூரியர் கவர்தான். வீட்டுல அதக் கிழிச்சு அடுப்புல போட்டுருவாங்க. அண்ணன் கிட்ட போன்லயே சொல்லிருங்க: கவரையும் சேத்து பீரோவுல வைன்னு.

“எம்பசி ஒண்ணுஞ்செய்யாது”ன்னு வாட்சாப்ல எழுதுதவங்க நெறைய. வேலை வாங்கித் தர மாட்டாங்க, கோர்ட்ல ஒங்களுக்காக வாதாட மாட்டாங்க, அது சரி. ஆனா கையில காசில்லாம மாட்டினவங்களுக்கு டிக்கெட், ஆஸ்பத்திரி, இறந்தவங்க ஒடம்ப ஊருக்கு அனுப்புதது, இதுக்கெல்லாம் 2009-லருந்து இந்தியச் சமூக நல நிதி இருக்கு. மலையாளிகள் சம்பளம் நின்ன மறுமாசமே எழுதிக் குடுத்துருவாங்க. நம்ம நெல்லைக்காரங்க ஊருக்குத் தெரிஞ்சா கேவலம்னு எட்டு மாசம் பொறுத்துட்டு, ஒப்பந்த நகல் கூட இல்லாம போயி நிப்பாங்க. அப்படிப் போனா எந்த அதிகாரிக்கும் கையக் கட்டினது மாதிரிதான்.

பம்பாய்க்கு ரயிலேறி, லாட்ஜ்ல நாள்கணக்கா கெடந்து விசா வாங்கின தலைமுறை இன்னும் துபாய்ல தேரா பக்கம் கடை வச்சிருக்காங்க. அவங்களுக்கு ஊர்லருந்து ஒரு நகல் வரணும்னா, லீவு முடிஞ்சு வாற யாராவது பெட்டில ஊறுகாய் பாட்டிலுக்கு நடுவுல மடிச்சுக் கொண்டாரணும். ஒங்களுக்குப் போன் இருக்கு. படத்த ராத்திரி படுக்க முன்ன அனுப்பிருங்க, நாளைக்குக் காலைல கம்பெனிக்கு அந்த ஈமெயிலப் போடுங்க.