மயோகுளோபினுக்குள் திறந்த வழி இல்லை என்றால் ஆக்சிஜன் ஹீமிடம் போவது எப்படி? கார்பன் மோனாக்சைடு அங்கே வளைந்துதான் பிணைகிறதா?

நீங்கள் முதுகலை உயிர்வேதியியல் மாணவர், தேர்வு நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் கடந்து போயிருப்பேன். இரண்டாவது என் பழைய காயத்தைத் தொடுகிறது.

வழியைப் பற்றி முதலில். மயோகுளோபின் தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதம். அதன் உள்ளே இருக்கும் ஹீம் என்ற தட்டையான மூலக்கூறின் நடுவிலுள்ள இரும்பில்தான் ஆக்சிஜன் பிணைகிறது. திமிங்கில மயோகுளோபினின் அமைப்பை ஜான் கெண்ட்ரூ குழு 1960-ல் அணு அளவுக்கு நெருக்கமாகக் காட்டியபோது, ஹீமுக்குச் செல்லும் திறந்த பாதை எதுவும் அதில் தென்படவில்லை. ஆனால் படிகத்தின் படம் ஒரு சராசரி நிலைதான். புரதம் ஓயாமல் அசைகிறது. புரதச் சங்கிலியின் 64-ஆம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச்சங்கிலி வெளிப்புறம் சாயும் கணத்தில் வாயு நுழைந்துவிடுகிறது. ஜான் ஓல்சன் குழுவினர் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி வேகங்களை அளந்து, பெரும்பாலான போக்குவரத்து இந்தக் கதவு வழியேதான் என்று காட்டினார்கள்.

உள்ளே நான்கு சிறு குழிகளும் இருக்கின்றன. அழுத்தத்தில் செலுத்திய செனான் வாயு அங்கே தங்குவதை வைத்து 1984-ல் அவற்றை அடையாளம் கண்டார்கள். லேசர் துடிப்பால் இரும்புக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் இடையிலான பிணைப்பை முறித்தால், அந்த மூலக்கூறு உடனே வெளியேறுவதில்லை. ஹீமுக்கு அருகே சற்று நிற்கிறது, பிறகு இந்தக் குழிகளுக்கு நகர்கிறது. சில இரும்பிடமே திரும்புகின்றன.

என் முதுகலை ஆய்வுத்திட்டமே இந்த நகர்வைக் கணினியில் உருவகப்படுத்துவதுதான். மூலக்கூறு ஒரு குழியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதைத் திரையில் முதன்முதலாகப் பார்த்த இரவின் மகிழ்ச்சி இன்றும் எனக்குள் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "தனி ஹீம் ஆக்சிஜனைவிடக் கார்பன் மோனாக்சைடைச் சுமார் 20,000 மடங்கு விரும்புகிறது. மயோகுளோபினில் அது சில நூறு மடங்குக்குள் குறைவது ஏன்?" என்றார். ஆக்சிஜன் பிணையும்போது அதில் எதிர்மின்தன்மை கூடுகிறது, 64-ஆம் ஹிஸ்டிடின் ஹைட்ரஜன் பிணைப்பால் அதைத் தாங்கிப் பிடிக்கிறது, கார்பன் மோனாக்சைடுக்கு அந்த ஆதரவு மிகக் குறைவு என்றேன். அவர் பாடநூலைத் திறந்து, ஹிஸ்டிடின் இடித்து வளைத்த கார்பன் மோனாக்சைடின் படத்தைக் காட்டினார். 1995-ல் அன்ஃபின்ரட் குழுவினர் அகச்சிவப்பு ஒளியால் அளந்தபோது அது ஹீமின் மேல் ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றது என்று சொன்னேன். "பாடநூலை எழுதியவர்களைவிட உனக்குத் தெரியுமா?" என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

ஆசிரியரை மதிக்கத் தெரியாதவன் என்று கருத்து எழுத வருபவர்களுக்கு: அந்த அளவீட்டை எனக்குச் சொல்லித் தந்ததும் ஓர் ஆசிரியர்தான். பழைய படிக அமைப்புகளில் வளைவு தெரிந்தது உண்மை. அன்று அப்படி எழுதியதில் பிழையில்லை. இடநெருக்கடிக்குப் பங்கே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. அந்த ஹிஸ்டிடினை எடுத்துவிட்டு, ஹைட்ரஜன் பிணைப்பு தர முடியாத லியூசின் என்ற அமினோ அமிலத்தை வைத்தால் ஆக்சிஜன் பிடிப்பு பல மடங்கு சரிகிறது, கார்பன் மோனாக்சைடின் பிடிப்பு கூடவும் செய்கிறது. ஆனால் ஆக்சிஜன் பக்கத்து இழப்பும் பெரியது. இடித்து வளைப்பது மட்டும் காரணம் என்றால் ஆக்சிஜன் ஏன் இவ்வளவு இழக்க வேண்டும்?

பழைய காயத்தைக் கிளறியதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே துறையில் ஆய்வேட்டுக்குத் தங்க எழுத்தில் கெட்டி அட்டை போட்டால்தான் வாங்குவோம் என்றார்கள். விடுதிக் கட்டணத்துக்கே கடன் வாங்கிய மாணவர்கள் அதற்கும் கடன் வாங்கினார்கள். தேர்வு நாளில் அந்தப் பிரதியை யாரும் திறக்கவில்லை. ஏழை மாணவனிடம் அட்டைக்குக் காசு பிடுங்குவதை இன்னும் நிறுத்தவில்லை என்று கேள்விப்படும்போது கொதிக்கிறது.

தேர்வில் இப்படி எழுதுங்கள்: முதலில் ஹைட்ரஜன் பிணைப்பைப் படமாக வரைந்து, அதுவே முதன்மைக் காரணம் என்று குறிப்பிடுங்கள். அதன் கீழே "வளைவு விளக்கம் முன்பு ஏற்கப்பட்டது, பிந்தைய அளவீடுகள் அதைப் பெரிதும் குறைத்துவிட்டன" என்று ஒரு வரி சேருங்கள். திருத்துபவர் எந்தப் பாடநூலைப் படித்தவராக இருந்தாலும் உங்கள் மதிப்பெண்ணில் கைவைக்க முடியாது.