ஏன் டான் போட்டாய்?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பெரம்பூரில் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இருபத்தெட்டு வருடமாகிறது. போன வாரம் ஒரு பையன் வீட்டுப்பாடத்தை ஒரு பிழைகூட இல்லாமல் செய்து வந்தான். ‘ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உச்சியின் ஏற்றக்கோணம் 60°. கோபுரத்தின் உயரம் என்ன?’ என்கிற கணக்கு. டான் 60° போட்டு, 20√3 மீட்டர் என்று அழகாக முடித்திருந்தான். “ஏன்டா இங்க டான் போட்டே, சைன் போட்டா என்ன?” என்று கேட்டேன். முழித்தான். அப்புறம் உண்மையைச் சொன்னான். கணக்கைப் போனில் படம் பிடித்தானாம், ஏஐ போட்டுக் கொடுத்ததாம்.

எனக்குக் கோபம் வரவில்லை, மனசுதான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி நானே அந்த மெஷினிடம் ஏன் டான் என்று கேட்டேன். நான் சொல்லிக்கொடுப்பதைவிடத் தெளிவாகச் சொன்னது. அப்படியானால் அறிவு அதற்கு இருக்கிறது, பையனுக்கு இல்லை என்றுதானே ஆகிறது? தெரிந்த நாலு பேரைக் கேட்டால் “அது வெறும் மெஷின் சார்” என்று இரண்டு பேர் சொல்கிறார்கள், “இனிமே எல்லாம் அதுதான் சார்” என்று இரண்டு பேர். எதை அறிவு என்கிறோம் என்று முதலிலிருந்து ஒருமுறை எழுத முடியுமா?

க.,
பெரம்பூர்

*

அன்புள்ள க.,

பையனிடம் கேட்ட கேள்வியை மெஷினிடமும் கேட்டுப் பார்த்தீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. கேட்காமலே தீர்ப்பு சொல்கிறவர்கள்தான் அதிகம். உங்களுடைய அந்த நாலு பேரில் ஒருவர் பக்கமும் என்னால் போய் நிற்க முடியவில்லை.

முதலிலிருந்து என்றால் 1950-லிருந்து தொடங்கலாம். ‘இயந்திரம் சிந்திக்குமா?’ என்ற கேள்வியை அந்த வருடம் ஒரு கட்டுரையில் எடுத்துக்கொண்டார் ஆங்கிலேயக் கணித மேதை ஆலன் டூரிங். சிந்திப்பது என்ற சொல்லுக்குப் பொருள் தேடிப் போனால் ஊருக்கு ஒரு பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கேள்வியையே மாற்றி, ஒரு விளையாட்டாக்கினார். கேட்பவர் ஒரு அறையில் இருப்பார். வேறு அறைகளில் ஒரு மனிதரும் ஒரு இயந்திரமும். கேள்வியும் பதிலும் தட்டச்சில் மட்டும். எது மனிதர், எது இயந்திரம் என்று கேட்பவரால் பிரிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து, 1955-ல், ஜான் மெக்கார்த்தியும் இன்னும் மூவரும் எழுதிய திட்டத்தில்தான் ‘செயற்கை நுண்ணறிவு’, அதாவது ஏஐ, என்ற பெயர் வருகிறது. மறுவருடக் கோடையில் டார்ட்மத் கல்லூரியில் அதற்கென்றே கூடினார்கள்.

டூரிங்கின் விளையாட்டில் ஆளைப் பார்க்கக் கூடாது, குரலைக் கேட்கக் கூடாது, தாளில் வருவதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நம் பொதுத்தேர்வு வேறென்ன? எங்கோ ஒரு மையத்தில் உட்கார்ந்து திருத்துகிறவர் உங்கள் மாணவனைப் பார்த்ததே இல்லை. அவன் முழித்தது அவருக்குத் தெரியாது. படிகளோடு 20√3 என்று தாளில் இருந்தால் முழு மதிப்பெண். தாளை மட்டும் பார்த்து அறிவை அளப்பது என்று நாமே எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். அந்தத் தாளை எழுத இப்போது ஒரு மெஷின் வந்திருக்கிறது.

சரி, அது எப்படி எழுதுகிறது? “மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில காயற துணியை...” என்று ஒருவர் பாதியில் நிறுத்தினால் சென்னையில் யாராக இருந்தாலும் “எடு” என்று முடித்துவிடுவார்கள். இப்படி முடித்து வைக்கத்தான் அதைப் பழக்குகிறார்கள். மனிதர்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் கொடுத்து, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கச் சொல்கிறார்கள். தப்பாகச் சொல்லும்போதெல்லாம் உள்ளே இருக்கும் எண்களைத் துளித்துளியாகத் திருத்துகிறார்கள். 2020-ல் வந்த ஜிபிடி-3 என்ற மாடலில் அப்படிப்பட்ட எண்கள் 17,500 கோடி. அது பழகியது சுமார் 30,000 கோடிச் சொல்துண்டுகளில். ஒரு பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் காதால் கேட்கும் சொற்கள் பத்துக் கோடி அளவில் இருக்கும் என்று ஒரு மதிப்பீடு. பிள்ளைக்குப் போதுமானதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு அதற்குத் தேவைப்பட்டிருக்கிறது.

இதைச் சொன்னதும் “அப்போ வெறும் ஊகம்தானே” என்று உங்கள் முதல் இருவரும் கிளம்புவார்கள். அவசரப்பட வேண்டாம். ஒரு கணக்கின் அடுத்த வரியைச் சரியாக ஊகிக்க வேண்டுமென்றால், அந்தக் கணக்கின் போக்கு ஏதோ ஒரு வடிவத்தில் உள்ளே படிந்திருந்தாக வேண்டும். உங்களுக்கே பாடம் எடுக்கிற அளவுக்கு அது தேறியிருக்கிறது. அது நிஜமான திறன். அதை மறுத்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நின்றால் அவர்கள் நம்மை நம்ப மாட்டார்கள்.

ஆனால் அதே திறன் வேறு இடத்தில் என்ன செய்கிறது என்பதையும் நான் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காக, உயிர்களை அறிவால் வகைப்படுத்தும் தொல்காப்பிய நூற்பாக்களை அப்படி ஒரு செயலியிடம் கேட்டேன். எதுகை மோனை தவறாமல் ஒரு நூற்பாவைத் தந்தது. ‘மரபியலில்’ வருகிறது என்று இடமும் சொன்னது. புத்தகத்தைப் புரட்டினால் அப்படி ஒரு வரியே இல்லை. இல்லை என்று சொன்னதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொன்றைப் புனைந்து நீட்டியது. சரியாகச் சொல்லும்போது இருக்கும் அதே தெளிவு, அதே நிதானம். தமிழ் படிக்க வருகிற ஒரு பெண்ணோ பையனோ அந்த வரியை நம்பி எங்காவது எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

உண்மையான வரி, ‘நந்தும் முரளும் ஈரறி வினவே’. நத்தைக்கும் சிப்பி இனத்துக்கும் இரண்டு அறிவு. எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு, விலங்குக்கு ஐந்து, மக்களுக்கு ஆறு. பள்ளியில் இதை ‘மனிதனுக்கு ஆறறிவு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். ஆறாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டோம். தொல்காப்பியர் அறிவைத் தொடங்குகிற இடம், ‘ஒன்றறி வதுவே உற்றறி வதுவே’. தொட்டு அறிவதுதான் முதல் அறிவு. புல்லுக்கும் மரத்துக்கும் உள்ளது அது. அப்புறம் நாக்கு, மூக்கு, கண், காது. இவற்றோடு கூட வந்து சேர்வதுதான் மனம்.

மெஷின் இதைத் தலைகீழாக ஏறியிருக்கிறது. மனம் பேசிய சொற்களில் தொடங்கி, இப்போதுதான் படம் பார்க்கவும் குரல் கேட்கவும் வந்திருக்கிறது. தொடுவதில் இன்னும் தடுமாறுகிறது. ரோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-லேயே இதை எழுதிவிட்டார். அறிவுத்திறன் தேர்வில் பெரியவர்களுக்குச் சமமாகக் கணினியைக் கொண்டுவருவது ஓரளவு எளிது, ஒரு வயதுக் குழந்தை பார்ப்பதையும் நடமாடுவதையும் அதற்குக் கொடுப்பது பெரும்பாடு என்றார். நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் பி.இ. முடித்த ராஜ் ரெட்டி, அமெரிக்கா போய் அந்த மெக்கார்த்தியிடமே ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். மனிதர் பேசுவதைக் கணினிக்குக் காது கொடுத்துக் கேட்க வைப்பதில் பல ஆண்டுகள் உழைத்தார். 1994-ல் கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது பெற்றார். தொட்டிலில் கிடக்கும் குழந்தை அம்மா குரலுக்குத் திரும்புகிறதே, அந்தப் பக்கத்து வேலைக்கு ஒரு ஆராய்ச்சி வாழ்க்கையே தேவைப்பட்டது.

திருவல்லிக்கேணியில் எங்கள் தெரு முனையில் சாயங்காலம் ஒரு அக்கா பூ கட்டுவார். இடது கை விரல் இடுக்கில் இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு. காம்புகள் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று படிய, நனைத்த வாழைநார் ஒரு சுற்று சுற்றி, ஒரு கண்ணி போட்டு இறுகும். அடுத்த நாலு மொட்டு அதற்குள் வந்திருக்கும். கண் சரத்தில் இருக்காது, வாடிக்கையாளரிடம் இருக்கும். நசுங்கிய மொட்டை விரல் தானாகவே ஒதுக்கிவிடும். கனகாம்பரத்துக்குக் கையை மாற்றிக்கொள்வார், காம்பு மெலிசு. ஒருநாள் நானும் கட்டிப் பார்த்தேன். முதல் நாலு மொட்டும் காம்பு அறுந்து கீழே விழுந்தன. “நாரை இழுக்காதீங்க சார், படிய வைங்க” என்றார். படிய வைப்பதற்கும் இழுப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த அழுத்தத்தை அவராலும் அதற்குமேல் சொல்லால் விளக்க முடியவில்லை. இந்த ஊரில் யாரும் அந்த அக்காவை அறிவாளி என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதே சென்னையில் விக்டோரியா அரங்கில் 1907-ல் தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம். அவதானக் கலையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் மணியடிப்பார், ஒருவர் முதுகில் சின்னக் கற்களை எறிவார். எல்லாவற்றுக்கும் முடிவில் பிசகாமல் பதில் வர வேண்டும். மணியோசையை எண்ணுவதும் கணக்குப் போடுவதும் இன்று உங்கள் மாணவனின் போனுக்கே ஒரு வேலையே இல்லை. அதனால் பாவலரின் அறிவு குறைந்துபோய்விடவில்லை. அந்தக் கற்களை அவர் எண்ணியது முதுகுத் தோலால்.

இப்போது உங்கள் பையனுக்கு வருகிறேன். அறிவு மெஷினுக்கு இருக்கிறது, அவனுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு இல்லாதது அந்தக் கணக்கோடு உட்கார்ந்த நேரம். செஸ்ஸில் இதை நம் ஊரே பார்த்துவிட்டது. 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவை ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினி தோற்கடித்தபோது இனி செஸ் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். ஆட்டத் திறனைக் குறிக்கும் ரேட்டிங் சுமார் 2500 வரும்வரை அவர் செஸ் எஞ்சின், அதாவது நல்ல நகர்வைக் கணித்துச் சொல்லும் கணினி நிரல், பக்கமே போகவில்லை என்று பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எஞ்சின் கெட்டது என்பதால் அப்படிச் செய்யவில்லை. ஒரு நிலையை வெறும் கண்ணால் வெகுநேரம் பார்த்து, தப்பாக யோசித்து, தானே திருத்திக்கொள்ளும் பழக்கம் முதலில் வர வேண்டும் என்பதற்காக. பிறகு எஞ்சினும் சேர்ந்தது.

ஆகவே போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். தேர்வுத்தாள் எப்போது மாறும் என்பதும் நம் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது வேறு. ஒரு கோணமானி, நூல், நூல் நுனியில் கட்ட ஒரு சின்னக் கல். கோணமானியின் நேர்விளிம்பு வழியாகப் பார்த்தால் நூல் எங்கே தொங்குகிறதோ அதிலிருந்து ஏற்றக்கோணம் கிடைத்துவிடும், உங்களுக்குத் தெரியாததல்ல. ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு, அடிவரை நடந்து போகக்கூடிய ஒரு தண்ணீர் டேங்க் பக்கம் போங்கள். டேப்பை அவனையே பிடிக்கச் சொல்லுங்கள். தரையில் நடந்து அளந்துவிடலாம். கண்ணிலிருந்து உச்சிக்குப் போகும் சாய்கோட்டை அளக்க ஏணியா போட முடியும்? கையில் இருப்பது தரைத்தூரம், வேண்டியது உயரம். சைன் உயரத்தைச் சாய்கோட்டோடு ஒப்பிடுகிறது, டான் தரைத்தூரத்தோடு. சைன் ஏன் அங்கே உதவாது என்று நீங்கள் சொல்லாமலே பார்ப்பான் என்று நினைக்கிறேன்.

விடை கொஞ்சம் குறைவாகத்தான் வரும். டேங்க்கின் உண்மையான உயரத்தைச் சொல்லி, எங்கே விட்டோம் என்று அவனையே தேட விடுங்கள், அவசரப்படுத்தாமல். பாடப்புத்தகத்துக் கணக்கில் பார்க்கிறவனின் கண் தரையில் இருக்கிறது. இவன் கண் தரைக்கு மேலே நாலே முக்கால் அடியில் இருக்கும். தன் கண் இருக்கும் உயரத்தையும் சேர்க்க வேண்டும் என்று அவனாகச் சொல்ல எத்தனை நேரம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.