'மினி' என்பது 'மினிமம்' என்ற சொல்லின் சுருக்கமா?

நேரடியாக இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஓசையும் பொருளும் ஒத்துப்போவதால் நினைக்கத் தோன்றுவதும் இயல்பு. ஆனால் இந்தச் சொல்லின் ஆதியைத் தேடிப் போனால் சிவப்புச் சாயத்தில் போய் முட்டும்.

லத்தீனில் 'மினியம்' என்றால் ஈயத்திலிருந்து செய்கிற செந்தூர நிறப் பொடி. அச்சு வருவதற்கு முன் ஐரோப்பாவில் தோலில் கையால் எழுதிய புத்தகங்களில், தொடக்க எழுத்துகளை இந்தப் பொடியைக் குழைத்துச் சிவப்பாகத் தீட்டுவார்கள். அந்த வேலைக்கு 'மினியாரே' என்று பெயர். அதிலிருந்து இத்தாலியில் 'மினியதூரா' வந்தது, அதாவது புத்தகத்துக்குள் தீட்டுகிற படம். வட்டமான ஓர் எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு துறவியை, அவர் கையில் ஒரு புத்தகத்தை வரைய வேண்டும் என்றால் படம் எவ்வளவு பெரிதாக இருந்துவிட முடியும்? பக்கத்திலேயே மைனர், மைனஸ், மினிமம் என்று 'குறைவு' என்ற பொருளில் ஒரு பெரிய லத்தீன் குடும்பம் அதே ஓசையோடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, ஆங்கிலத்துக்குப் போன 'மினியேச்சர்' முதலில் சின்ன ஓவியம், அப்புறம் சின்னதாகச் செய்த எதுவும் என்று ஆகிவிட்டது. அதன் தலையை மட்டும் வெட்டி எடுத்ததுதான் மினி. ஆக மினிமம் பெற்ற பிள்ளை இல்லை, ஆனால் வளர்த்ததில் அதற்கும் பங்கு உண்டு. (மின்மினியிலிருந்து போன தமிழ்ச் சொல் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், மின்மினிக்கு அந்தப் பெயர் மின்னுவதால் வந்தது.)

மினி தனியாக ஊர் சுற்ற ஆரம்பித்தது ரொம்பப் பிந்தித்தான். 1959-ல் இங்கிலாந்தில் மினி கார் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் மினி ஸ்கர்ட். அந்தக் காரின் பெயரைத்தான் பாவாடைக்கு வைத்தேன் என்று அதைப் பிரபலமாக்கிய ஆங்கிலேய ஆடை வடிவமைப்பாளர் மேரி குவாண்ட் சொல்லியிருக்கிறார்.

நம்மூருக்கு வந்தால் மினி பஸ். பெரிய பஸ் போகாத கிராமங்களுக்கென்று 1997-ல் தமிழக அரசு கொண்டுவந்தது. மதுரை மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ்ஸும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லத்தீனில் 'ஆம்னிபுஸ்' என்றால் 'எல்லோருக்கும்' என்று அர்த்தம், பஸ் என்பது அந்தச் சொல்லின் வெறும் வால்தான். எல்லோருக்கும் என்று பெயர் வைத்துக்கொண்டு தீபாவளிக்கு முந்தின நாள் சென்னை டிக்கெட்டுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்பது வேறு கதை.

அந்த உண்மையான 'குறைவு' குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. நிமிஷத்தைக் குறிக்கிற மினிட் அதில்தான் சேர்த்தி. மணியை அறுபதாக நறுக்கிய முதல் சின்னத் துண்டு அது, அதை இரண்டாம் முறை நறுக்கியதால்தான் செகண்டுக்கு 'இரண்டாவது' என்றே பெயர். ஹோட்டலில் நீட்டுகிற மெனு, பொடிப்பொடியாக விவரித்த பட்டியல் என்பதால் வந்த பெயர். கொத்துக்கறியை மின்ஸ் என்கிறார்களே, அதுவும் இவர்கள் வீட்டுப் பிள்ளைதான்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது மினிஸ்டர். லத்தீனில் 'மினிஸ்டர்' என்றால் வேலைக்காரன், 'மைனஸ்' பக்கத்து ஆள். அதற்கு எதிர்ப்பக்கம், 'அதிகம்' என்ற பொருளுள்ள 'மாகிஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தவர் 'மாகிஸ்டர்'. அவர்தான் ஆங்கிலத்தில் மாஸ்டர் ஆனார். அந்தக் கணக்கில் பார்த்தால், ராத்திரி பத்து மணிக்கு ரோட்டோரக் கடையில் வியர்க்க விறுவிறுக்கக் கொத்து பரோட்டா போடுகிற மாஸ்டர், எந்த மினிஸ்டருக்கும் ஒரு படி மேல்!

சரி, இப்போது நம்மூரில் மினிக்கு 'சின்னது' என்ற அர்த்தம் மிச்சம் இருக்கிறதா என்றால், மினி பஸ்ஸில் இருக்கிறது, சாம்பாரில் மிதக்கிற மினி இட்லியில் இருக்கிறது. மினி டிபன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம்தான். இட்லி, பொங்கல், வடை, ஒரு குட்டி தோசை, கேசரி, கடைசியில் காபி என்று வரிசையாக வைக்கிறார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டு எழுந்தால் மதியம் மூன்று மணி வரை பசிக்காது.